யூதர்கள் கழிப்பறை போய் வந்ததும்கூட பிரார்த்தனை சொல்வார்களாமே, உண்மையா?

உண்மைதான். கை கழுவியதும் 'அஷேர் யட்சார்' என்று ஒரு சின்ன ஆசியுரை: உடம்பில் இத்தனை துளைகளையும் குழாய்களையும் படைத்தாய், இதில் ஒன்று அடைத்துக்கொண்டாலோ உடைந்துபோனாலோ உன் முன்னால் நிற்கவே முடியாதே என்று கடவுளைப் போற்றுவது. யூதர்களின் பழைய சமய விளக்க நூலான தல்மூதில் இதைச் சொல்பவர் அபாயே, 4ஆம் நூற்றாண்டு பாபிலோனிய அறிஞர். சிறுநீரகக் கல் வந்து துடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

அதே தல்மூதில் ரபி (யூத மதகுரு) மேயிர், ஒரு நாளைக்கு 100 ஆசியுரை சொல்ல வேண்டும் என்கிறார். சாதாரண நாளில் மூன்று வேளை 'அமீதா' தொழுகையிலேயே 57 வந்துவிடும், மிச்சம் ரொட்டிக்கு, பழத்துக்கு, இடி கேட்டால் அதற்கு. யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளில் அமீதா சுருங்கிவிடும், அதனால் வாசனைப் பொருள், தின்பண்டம் என்று சேர்த்துக் கணக்கை நிரப்பிய ரபி ஒருவரும் தல்மூதில் உண்டு.