ரோமப் பேரரசின் மூலைமுடுக்கில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? சில கேள்விகள், பதில்கள்

ரோமானியர் என்றாலே சீசரும் போரும்தான் புத்தகங்களில் வருகிறது. சாதாரண ஜனங்களைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்கலாம், அக்கா?

விண்டோலாண்டாவில் தொடங்குங்கள். வட இங்கிலாந்தில், ரோமானியரின் எல்லைச்சுவரான ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே இருந்த ராணுவக் கோட்டை அது. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி அங்கே தோண்டியபோது மரச்சீவல் போன்ற இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மையெழுத்து! அப்புறம் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலானவை கி.பி. 100ஐ ஒட்டியவை. அவற்றைப் படித்தெடுத்தவர்களில் ஒருவரான ஆலன் போமன் பொது வாசகருக்காக எழுதிய புத்தகம் 1994இல் வந்தது. பின்பகுதியில் கடிதங்களையே மொழிபெயர்ப்போடு கொடுத்திருக்கிறார். நான் அதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

அப்படி என்ன எழுதியிருக்கிறார்கள்?

ஒருவருக்குக் காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம். தன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பிவையுங்கள் என்று மாஸ்குலஸ் என்ற அதிகாரி கேட்கிறார். சாலை மோசமாக இருப்பதால் தோல் மூட்டைகளை எடுத்துவர முடியவில்லை என்கிறார் ஒக்டேவியஸ்.

எனக்கு உயிரான கடிதம், ஓர் அதிகாரியின் மனைவியான கிளாடியா செவெராவுடையது. இன்னொரு அதிகாரியின் மனைவி லெபிடினாவை செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் அழகாக எழுதியிருக்கிறார். வலது ஓரத்தில், கீழே, எழுத்து மாறுகிறது. கொஞ்சம் கோணலாக, அவளே எழுதியது: ‘உன்னை எதிர்பார்த்திருப்பேன், சகோதரி. நலமாக இரு, என் உயிரே.’ ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. படத்தைப் பெரிதாக்கி அந்த ஓரத்தை ஒருமுறை பாருங்கள்.

இத்தனை வருடம் மரம் மக்காமல் இருந்தது எப்படி?

பழைய கோட்டையை இடித்து, களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடி, மேலேயே புதிதாகக் கட்டினார்கள். அடியில் ஈரம் இருந்தது, காற்று புகவில்லை. தோல் செருப்புகள்கூட ஆயிரக்கணக்கில் தப்பின. அதில் குழந்தைகளின் குட்டிச் செருப்புகளும் உண்டு. கோட்டைக்குள் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பழைய எண்ணத்தை அவைதான் ஆட்டம் காண வைத்தன.

‘ஒரு வீரனின் ஒரு நாள்’ என்கிற மாதிரிப் புத்தகங்களை நம்பலாமா?

கதைபோலச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒரு பொருள் எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடைத்தது என்று சொல்கிறதா, பாருங்கள். பிரிட்டனில் ஒரு வீட்டை வர்ணிக்கும்போது இடைவெளிகளையெல்லாம் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் கிடைத்ததை வைத்து நிரப்பிவிடுகிற புத்தகங்கள் நிறைய. பொம்பெயி இத்தாலியில் இருக்கிற ஊர். அதன் அடுப்படி வேறு, மழையிலும் குளிரிலும் கிடந்த எல்லைக்கோட்டையின் அடுப்படி வேறு. இரண்டையும் கலந்தால் மாகாணத்து மனிதர் காணாமல் போய்விடுவார்.

வேறு மாகாணம் எதையாவது சொல்லுங்கள்.

எகிப்து. ஆக்ஸிரிங்கஸ் நகரின் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் ஏடுகளை வைத்து பீட்டர் பார்சன்ஸ் 2007இல் எழுதிய புத்தகம். ‘என்னை அலெக்சாந்திரியாவுக்குக் கூட்டிப்போகாவிட்டால் உங்களோடு பேசமாட்டேன், சாப்பிடமாட்டேன்’ என்று தியோன் என்ற பையன் அப்பாவுக்கு எழுதிய கடிதமும் அந்த மேடுகளில் கிடைத்ததுதான்.

நம் பக்கத்துத் தொடர்பு எதுவும் அதில் உண்டா?

உண்டு. ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு முசிறியைப் பாடுகிறதே, அந்தக் கறி, அதாவது மிளகு. செங்கடல் கரையில் இருந்த எகிப்தியத் துறைமுகமான பெரெனிகேயின் கோயில் ஒன்றில், இந்தியாவில் செய்த ஜாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. விண்டோலாண்டாவின் கணக்குப் பலகை ஒன்றிலும் அது வருகிறது. துவாலை வாங்கியவர்களின் பெயர்களோடு இப்படி ஒரு வரி: தாப்போவின் மகன் கம்பாக்ஸ், மிளகு, 2 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு).