‘பெய்ட்’ ஓடிய படமா?

வணக்கம் ஐயா,

பிரிட்டிஷ் சுயாதீனப் படங்கள் பற்றிய கட்டுரையில் மார்க் ஜென்கினின் ‘பெய்ட்’ (2019) பெரிய வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். நான் விசாரித்தவரை அதைப் பார்த்தவர்களே இல்லை. ஒரு பெரிய படத்தின் முதல் நாள் வசூல்கூட அதற்கு வந்திருக்காது. விமர்சகர்கள் பாராட்டினால் போதுமா? அப்படியானால் தோற்ற படம் என்று எதைச் சொல்வீர்கள்?

செ.

அன்புள்ள செ.,

விமர்சகர் பாராட்டு போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசூலும் இவ்வளவு சின்னப் படத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. பிரிட்டனில் பத்துப் பவுண்டு டிக்கெட் ஒன்று விற்றால் ஒன்றரைப் பவுண்டுக்கு மேல் வாட் வரிக்குப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் தியேட்டருக்கு. அப்புறம் விநியோகஸ்தர் தன் கமிஷனையும் விளம்பரச் செலவையும் எடுத்துக்கொள்வார். படம் எடுத்தவர் வரிசையில் கடைசி ஆள்.

பணமில்லாதது படத்துக்குள் என்னவாகியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஜென்கின் சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் கேமராவில், 16 எம்எம் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு தடவை சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது. பிலிமைத் தானே கையால் கழுவினார். பேச்சு, சத்தம் எல்லாம் பின்னால் சேர்த்தவை. கதை இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரமான கார்ன்வாலின் மீன்பிடி கிராமம் ஒன்றில் நடக்கிறது. மார்ட்டின் படகில்லாத மீனவன். அவன் குடும்ப வீட்டை லண்டன்காரர்கள் வாங்கி விடுமுறை வீடாக்கிவிட்டார்கள். சகோதரனோ அப்பாவின் படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறான். வலை, முடிச்சு, கை, முகம் என்று துண்டு துண்டாக வெட்டி வரும் காட்சிகளும், உதட்டோடு முழுசாக ஒட்டாத பேச்சும் அந்த ஊரின் பகையை நம் மேலேயே ஏற்றிவிடுகின்றன. பெரிய கேமராவும் பெரிய குழுவும் கிடைத்திருந்தால் இந்தப் படம் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அடுத்த படம் கிடைத்ததா என்பது இன்னொரு அளவுகோல். 2020இல் ‘பெய்ட்’டுக்கு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது கிடைத்தது. 2022இல் ‘எனிஸ் மென்’ வந்தது. அதுவும் கார்ன்வாலில்தான், அதுவும் 16 எம்எம்தான், இந்தமுறை வண்ணத்தில். தன் ஊரையும் தன் முறையையும் விடாமல் அவரால் தொடர முடிந்தது.

ஆனால் இந்த அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டால் ஹொரேஸ் ஓவேக்கு அநியாயம் செய்தவர்களாவோம். பிரிட்டனில் கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் அவருடைய ‘பிரஷர்’. 1970களில் அதற்குப் பணம் கொடுத்த பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டே, போலீஸ் அடாவடிக் காட்சிகளுக்குப் பயந்து அதை வருடக்கணக்கில் கிடப்பில் போட்டது. 2023இல் புதுப்பிக்கப்பட்டு லண்டன் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஓவே காலமாகி அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. தோற்றது அந்த நிறுவனம். படம் இன்றும் கொதிக்கிறது.

சரி, தோற்ற படம் எது? கையில் காசில்லாமலேயே பெரிய படம்போல நடிக்கிற படம். அதோடு, ‘படம் விற்றதும் சம்பளம்’ என்று சொல்லி உழைப்பை வாங்கிக்கொண்டு, பிறகு கொடுக்காமல் விடுவதும் இந்த உலகத்தில் உண்டு. அப்படி வந்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வராது.

அன்புடன்.