விசா தேதி முடிந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மெக்சிகோ மாமியார் வீட்டுக்குப் போய் வரலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசாவின் தேதி போன ஆண்டே முடிந்துவிட்டது. எக்ஸ்டென்ஷன் கிடைத்துவிட்டதால், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கிறது. மனைவி மெக்சிகோக்காரர், கிரீன் கார்டு வைத்திருக்கிறார். டிசம்பர் 20 முதல் இரண்டு வாரம் மெக்சிகோவின் புயேப்லா நகரில் மாமியார் வீட்டில் இருக்க ஆசை. 'அப்ரூவல் பேப்பர் போதும், அங்கேயே ஸ்டாம்பிங்கும் (பாஸ்போர்ட்டில் புது அமெரிக்க விசா ஒட்டுவது) முடித்துவிடலாம்' என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? மாமியார் கட்டிக்கொடுக்கும் தமாலே (சோள மாவுக் கொழுக்கட்டை), மோலே (மிளகாய்க் குழம்பு) இவற்றைக் கொண்டுவர முடியுமா?

பதில்: போய் வரலாம். ஆனால் ஏஜென்ட் சொன்ன இரண்டுமே தவறு. முதலாவதை நம்பினால் விமானம் ஏற முடியாது. இரண்டாவதை நம்பினால் திரும்பி வர முடியாது.

எல்லோரும் திரும்பி வருவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்குச் சிக்கல் போகும்போதுதான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா கேட்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அது தேவையில்லை என்ற சலுகை உண்டு; கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் அப்படியே. பல ஆண்டுகளாக அந்தச் சலுகையில் போய் வந்து பழகியவர்களுக்கு, அது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவுக்குத்தான், ஐ-797 என்ற அப்ரூவல் காகிதத்துக்கு இல்லை என்பது விமான நிலைய கவுன்ட்டரில்தான் உறைக்கிறது. விசாவின் தேதி முடிந்ததும் சலுகையும் முடிந்தது. கிரீன் கார்டு இருந்திருந்தால் அதுவே போதும், உங்களுக்கு அது இல்லை. மனைவி மெக்சிகோ பாஸ்போர்ட்டில் நுழைவார், அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எனவே ஹூஸ்டனில் உள்ள மெக்சிகோ கான்சுலேட்டில் பார்வையாளர் விசா வாங்குங்கள். சம்பளம் வாங்கும் வேலை செய்ய அனுமதியில்லாத, 180 நாள் வரை தங்கக்கூடிய விசா அது. அப்பாயின்ட்மென்ட் 'மி கான்சுலாடோ' என்ற அரசுத் தளத்தில் மட்டும் கிடைக்கும், பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. விசாக் கட்டணத்தை நேர்காணல் அன்று கான்சுலேட்டில் கட்டினால் போதும். பாஸ்போர்ட், வண்ணப் புகைப்படம், அமெரிக்காவில் சட்டப்படி இருப்பதற்கான ஐ-797, ஐ-94, வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டுகள், வேலைக் கடிதம், டிக்கெட் முன்பதிவு, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை அசலும் நகலுமாக எடுத்துப் போங்கள். எத்தனை மாதக் கணக்கு, எவ்வளவு இருப்பு என்பது கான்சுலேட்டுக்குக் கான்சுலேட் மாறும், அவர்கள் தளத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள். முடிவு சொல்ல அவர்களுக்குப் பத்து வேலை நாள் அவகாசம் உண்டு. டிசம்பரில் அமெரிக்க விடுமுறை, மெக்சிகோ விடுமுறை இரண்டுக்கும் அலுவலகம் மூடியிருக்கும். அக்டோபரிலேயே தேதி பிடித்துவிடுங்கள். நவம்பர் கடைசியில் 'ஸ்லாட் இல்லையே' என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

இங்கே இரண்டு குழிகள். 'மெக்சிகோ இ-விசா, 24 மணி நேரத்தில்' என்று விற்கும் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள், இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த வழியே கிடையாது. அடுத்தது, 'மனைவி மெக்சிகோக்காரர்தானே, குடும்ப வழியில் ரெசிடென்சி வாங்கித் தருகிறேன்' என்பவர்கள். அதுவும் உண்மையான விசாதான், ஆனால் அங்கே குடியேறப் போகிறவர்களுக்கு உரியது. அதில் நுழைந்தால் 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் கார்டுக்கான வேலையைத் தொடங்க வேண்டும். அது முடியும் முன் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென்றால் தனி அனுமதி கேட்க வேண்டும். இரண்டு வார விருந்துக்கு எதற்கு இந்தத் தொல்லை? ஏஜென்ட்டுக்கு மட்டும் கட்டணம் பல மடங்கு.

திரும்பி வருவதற்கு அமெரிக்கச் சட்டத்திலேயே நல்ல வழி இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்' என்பார்கள், விதி எண் 22 சிஎஃப்ஆர் 41.112(டி). தேதி முடிந்த விசாவை, நீங்கள் திரும்பி நுழையும் நாள் வரை நீட்டிக்கப்பட்டதாகவே அது கருதும். எச்-1பிகாரருக்கு நிபந்தனைகள்: மெக்சிகோ அல்லது கனடாவுக்கு மட்டும் போயிருக்க வேண்டும், 30 நாளைத் தாண்டக்கூடாது, ஐ-94 நடப்பில் இருக்க வேண்டும், அந்தப் பயணத்தில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக்கூடாது. தனி விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. 'ரீவேலிடேஷன் ஃபைல் பண்ணித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், இல்லாத ஒன்றை விற்கிறார் என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷன் இன்னும் நிலுவையில் இருந்து பழைய ஐ-94 தேதி முடிந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் கிறிஸ்துமஸை ஹூஸ்டனிலேயே கொண்டாடட்டும்.

'மெக்சிகோவுக்கு மட்டும்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு டிக்கெட் என்று பனாமா வழியாகத் திரும்பினால் சலுகை போயிற்று. ஹூஸ்டன்–மெக்சிகோ சிட்டி நேர் விமானமே பிடியுங்கள். மெக்சிகோ சிட்டி விமான நிலையத்தின் இரண்டு டெர்மினல்களிலிருந்தும் புயேப்லாவுக்கு எஸ்த்ரேயா ரோஹா பேருந்துகள் உண்டு. சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். டிசம்பர் 22, 23 தேதிகளில் நெடுஞ்சாலை நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம்மவர்களில் பாதிப் பேர் இதில் அடங்குவார்கள். படிக்க வந்து, ஊருக்குப் போகாமல் இங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறியவர்களின் பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா என்று ஒன்று இருந்ததே கிடையாது. எஃப்-1 என்ற மாணவர் விசா மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கும் இதே விதி பொருந்தும். பழைய எஃப்-1 விசா எச்-1பியாக மாற்றப்பட்டதாகக் கருதப்படும், நிலை மாற்றத்தைக் காட்டும் ஐ-797 கையில் இருக்க வேண்டும். அந்த எஃப்-1 விசாவின் தேதி முடிந்திருந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி. இதில் ஒரு வேடிக்கை: தேதி முடியாமல் இருந்தால் மெக்சிகோவுக்குள் நுழையவும் அதுவே உதவும், ஏனெனில் மெக்சிகோ பார்ப்பது விசா செல்லுபடியாகிறதா என்பதைத்தான். ஆனால் அமெரிக்காவுக்குள் மாணவராக நுழைய முடியாது, மாற்றப்பட்ட எச்-1பியாகத்தான் நுழைய வேண்டும். ஒரே விசா ஒரு நாட்டுக்கு ஒரு விதமாகவும் இன்னொரு நாட்டுக்கு வேறு விதமாகவும் பொருள்படுகிறது. இதைக் கவுன்ட்டரில் இருக்கும் ஊழியருக்கு விளக்கும் பொறுப்பு உங்களுடையது, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இனி ஸ்டாம்பிங். ஏஜென்ட்டுகள் சொல்வதிலேயே ஆபத்தானது இதுதான். 2002 ஏப்ரலுக்கு முன்பு, மெக்சிகோவில் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்து, மறுத்துவிட்டால் பழைய விசாவை வைத்துத் திரும்பி வந்துவிடலாம். அந்த மாதத்திலிருந்து அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இன்றும் அந்தக் காலத்து அறிவுரைகள் நண்பர் சொன்னார், சீனியர் சொன்னார் என்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கே விண்ணப்பித்தால், மறுத்தாலும் சரி, 221(ஜி) என்று முடிவு சொல்லாமல் நிறுத்திவைத்தாலும் சரி, ரீவேலிடேஷன் உங்களுக்கு இல்லை. வேலை ஹூஸ்டனில், நீங்கள் புயேப்லாவில். அங்கிருந்து சென்னைக்குப் பறந்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். போதாததற்கு, சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விசா நேர்காணலுக்குப் பதிய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. மெக்சிகோவில் விருந்தாளியாக இருக்கும் இந்தியருக்கு அங்கே என்ன வேலை? இது தெரிந்தும் 'ஸ்லாட் பிடித்துத் தருகிறேன்' என்று பணம் வாங்குகிறார்கள். இந்தப் பயணத்தில் அமெரிக்கத் தூதரகம் இருக்கும் தெருப்பக்கமே போகாதீர்கள்.

விசாவைப் புதுப்பிக்க ஒரு மனிதனை உலகத்தைச் சுற்றி அனுப்பும் அரசு, அவன் மெக்சிகோ போய் வந்தால் மட்டும் காலாவதி விசாவையே ஏற்றுக்கொள்கிறது. இதில் தர்க்கம் தேடுவது வீண். கிடைத்த ஓட்டையைச் சரியாகப் பயன்படுத்துவோம்.

திரும்பும்போது கையில் இருக்க வேண்டியவை: அந்தப் பழைய விசா இருக்கும் பாஸ்போர்ட் (அது பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டும்), ஐ-797ஏ அசல், சமீபத்திய மூன்று சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், விதியின் அச்சுப்பிரதி. ஐ-797ஏ தாளின் அடியில் உள்ள பகுதிதான் உங்கள் புதிய ஐ-94. இணையத்தில் தேடினால் பழைய தேதியே வரலாம், பயப்படாதீர்கள். அந்தத் துண்டைப் போகும்போது யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஐ-797பி என்றால் அடியில் ஐ-94 இருக்காது. டிக்கெட் வாங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். மெக்சிகோ சிட்டியில் செக்-இன் ஊழியர் காலாவதித் தேதியைப் பார்த்ததும் தலையாட்டுவார். வாதாடாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் டிமாட்டிக் தரவுத்தளத்தில் இந்த விதி இருக்கிறது, தேடிப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும். மூன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

மாமியாரின் பொட்டலம். பன்றி இறைச்சி வைத்த வீட்டுத் தமாலேயைப் பறிமுதல் செய்வார்கள், ஃப்ரீசரில் வைத்துக் கட்டினாலும் அப்படியே. சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியும் வராது. மிளகாய்த் துண்டும் சீஸும் வைத்தது, இனிப்புத் தமாலே இவற்றின் மாவிலும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும் என்பதால் அதிகாரியின் முடிவுதான். அவற்றை அங்கேயே தின்று தீர்ப்பது உத்தமம். போன்ச்சே என்ற கிறிஸ்துமஸ் பழப் பானத்தில் போடும் கொய்யா, கரும்பு வேண்டாம். மோலே போப்லானோ வரும், ஆனால் கோழிச் சாறு சேர்ப்பதற்கு முந்தைய கெட்டி விழுதாக. லேபிள் உள்ள கடைப் பொட்டலமானால் கேள்வி குறையும். அதைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விழுதை விடமாட்டார்கள். முலாட்டோ, ஆஞ்சோ, பசீயா, சிப்போட்லே என மோலேவுக்கான காய்ந்த மிளகாய்கள் பூச்சியில்லாமல் சுத்தமாக இருந்தால் தாராளமாக வரும். சாந்தா கிளாரா கமோத்தே என்ற சர்க்கரைவள்ளி மிட்டாயும் வரும்.

எதுவாக இருந்தாலும் 'உணவு இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கூடாததை எடுத்து வைத்துக்கொள்வார்கள், அத்தோடு சரி. மறைத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம் வரலாம். காலாவதி விசாவோடு நிற்கும் ஆள், ஒரு டஜன் தமாலேக்காக அதிகாரியின் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டுமா?

கடைசியாக, உங்கள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஐ-94ஐவிட அது முன்னதாக முடிந்தால், திரும்பி நுழையும்போது அதிகாரி பாஸ்போர்ட் தேதி வரைதான் புது ஐ-94 கொடுப்பார். கையில் இருக்கும் இரண்டு ஆண்டு ஐந்தாறு மாதமாகச் சுருங்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அப்படி இருந்தால் மெக்சிகோ விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தியக் கான்சுலேட்டில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். திரும்பிய மறுநாள் இணையத்தில் ஐ-94ஐ இறக்கி, தேதியை ஐ-797ஏ-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.