எட்டு செல் வரை நன்றாக வளர்ந்த கரு ஐந்தாம் நாள் ஏன் நின்றுபோகிறது?

ஐவிஎஃப்பில் (முட்டையை லேபில் கருவுறச் செய்யும் சிகிச்சை) மூன்றாம் நாள் எட்டு செல்லோடு நல்ல கிரேடு என்று சொன்ன கருக்கள் எல்லாம் ஐந்தாம் நாள் நின்றுவிட்டன, இது லேபின் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள் கரு ஓடுவது முட்டையின் சேமிப்பில். முட்டை முன்பே தயாரித்து வைத்த ஆர்என்ஏ, புரதம் இவற்றைச் செலவழித்துத்தான் செல்கள் பிரிகின்றன. கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலையைத் தொடங்குவது நான்கு முதல் எட்டு செல் கட்டத்தில். ஆகவே மூன்றாம் நாள் அழகை நம்பிப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

விந்தணு சேர்த்த 16–18 மணி நேரத்தில் இரண்டு முன்உட்கருக்கள் (முட்டையிலிருந்து ஒன்று, விந்தணுவிலிருந்து ஒன்று) தெரிய வேண்டும். மூன்று தெரிந்தால் அந்தக் கருவைப் பொதுவாகக் கருப்பையில் வைக்க மாட்டார்கள். 2ஆம் நாள் 4 செல், 3ஆம் நாள் 8. அதுவரை கருவின் மொத்த அளவு அதிகரிக்காது, செல்கள்தான் சிறுத்துக்கொண்டே போகும். 4ஆம் நாள் அவை இறுகி, எல்லைகள் மங்கி, மொருலா. அடுத்து வெளிச் செல்கள் சோடியத்தை உள்ளே தள்ள, தண்ணீரும் கூடவே நுழைந்து குழி உண்டாகிறது: பிளாஸ்டோசிஸ்ட். சக்தி நிறைய செலவாகும் கட்டம் இது. அந்தச் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் முட்டையிலிருந்து வந்தவையே.

நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை. பெண்ணின் வயது கூடக்கூட இது அதிகம். விந்தணுவின் டிஎன்ஏ சேதமும் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் முகம் காட்டும். நல்ல லேபிலேயே கருவுற்ற முட்டைகளில் ஏறக்குறைய பாதிதான் பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். நான்கைந்து கரு மட்டும் இருந்தால் ஒன்றும் மிஞ்சாமல் போவது அபூர்வமல்ல.

லேபின் மேல் சந்தேகம் இருந்தால் இப்படிக் கேளுங்கள்: அதே வாரம் மற்றவர்களின் கருக்கள் எப்படி வளர்ந்தன? இன்குபேட்டரில் ஆக்சிஜன் 5 சதவீதமா, வெளிக்காற்று அளவா? ஒவ்வொரு கருவும் எந்தக் கட்டத்தில் நின்றது? 6ஆம் நாள் வரை வைத்துப் பார்த்தார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் மொருலாவாக இருப்பது மறுநாள் பிளாஸ்டோசிஸ்ட் ஆவதுண்டு.

"அடுத்த முறை மூன்றாம் நாளே கருப்பையில் வைத்துவிடலாம்" என்று டாக்டர் சொல்லக்கூடும். 1978இல் பிறந்த, உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையான லூயிஸ் பிரவுனே எட்டு செல் கட்டத்தில் வைக்கப்பட்ட கருதான். கரு குறைவாக இருப்பவர்களுக்கு அது நியாயமான வழி. ஆனால் குரோமோசோம் பிழை உள்ள கருவைக் கருப்பையும் திருத்தாது.