வாய்க்காலுக்கு மேற்கே

கேள்வி: குடும்பத்தோடு பாண்டிச்சேரி போய் வந்தோம். கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்கள் அவ்வளவு அழகு. நூல் பிடித்தது போல நேரான தெரு, மஞ்சள் சுவர், வளைவு வாசல். வாய்க்காலைத் தாண்டினால் ஒரே நெரிசல். ஓர் ஊரை இப்படிக் கட்டிக் காப்பாற்ற நம்மவர்களுக்கு ஏன் தெரியவில்லை? (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: நன்றாகவே தெரிந்திருந்தது. நீங்கள்தான் வாய்க்காலோடு திரும்பிவிட்டீர்கள்.

முதலில் அந்த நேரான தெருக்கள். அதற்கு வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்து 1699 வரை கையில் வைத்திருந்தார்கள். தெருக்களைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் திட்டம் அப்போது உருவானதுதான். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். நீங்கள் நெரிசல் என்று ஒதுக்கிய மேற்குப் பகுதியிலும் அதே கட்டங்கள்தான்.

அடுத்து, பழமை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி சரணடைந்ததும் ஆங்கிலேயர் பழி தீர்த்துக்கொண்டார்கள். கோட்டையையும் வெள்ளையர் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். ஆகவே கடற்கரைப் பக்கம் நீங்கள் பார்த்தவை அந்த இடிபாட்டுக்குப் பின் எழுந்தவை. அதற்கும் மூத்த வீடு ஒன்று வாய்க்காலுக்கு மேற்கே, பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, 1730களில் கட்டியது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினாரே, அவருடைய வீடு.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றி, நம் ஊர் தச்சர்கள் இழைத்த மரத்தூண்கள். மாடிக்குப் போனால் சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளை வெளேரென்று ஐரோப்பிய பாணித் தூண்கள். நான் பாண்டிச்சேரியின் கட்டடக்கலை என்று சொல்வது இதைத்தான். பிறகு வந்த எத்தனையோ தமிழ் வீடுகள் இதே வழியில் போயின: கீழே திண்ணை, மரக்கால், ஓடு; மேலே வளைவு ஜன்னல், கைப்பிடிச் சுவரில் சின்னச் சின்னத் தூண்கள். பிரெஞ்சுத் தெருவில் இந்தக் கலவை இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்காது.

அங்கே வீடுகளை உயரமான மதிலும் பெரிய கதவும் மறைத்து நிற்கின்றன. தோட்டமும் வராந்தாவும் உள்ளே. நீங்கள் எடுத்த படங்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் மதில்சுவராகத்தான் இருக்கும். தமிழ்ப் பகுதி வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தெருவோரமாக மரக்கால்கள்மேல் சாய்வாக இறங்கும் ஓட்டுக் கூரைதான் தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் யாரும் ஒதுங்கலாம். அதை அடுத்துத் திண்ணை, வந்தவர் உட்கார. அப்புறம் தலைவாசல், அதன் உள்ளே முற்றம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருப்பதால் தாழ்வாரமும் தொடர்ந்து போகும். ஒரு காலத்தில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிழலிலேயே நடக்கலாம். முன்பக்கத்தை வெட்டி ஷட்டர் போட்டுக் கடையாக்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. ஒரு வீட்டை இடித்தால் பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் ஆட்டம் காண்கிறது.

இந்த அழகைச் சொல்லும்போது அந்த ஊர் பிரிக்கப்பட்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். கடல் காற்று வெள்ளையருக்கு, மேற்கு மற்றவருக்கு. மேற்கிலும் சாதிக்கொரு தெரு, தொழிலுக்கொரு தெரு. 1748இல், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஆட்சியில், மாதா கோயில் அருகே இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சு அழகு என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

சரி, கிழக்குப் பகுதி ஏன் பளிச்சென்று இருக்கிறது? அங்கே அரசு அலுவலகங்களும் பிரெஞ்சுத் துணைத் தூதரகமும் அரவிந்தர் ஆசிரமமும் ஓட்டல்களும் இருக்கின்றன. வெள்ளையடிக்கப் பணம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அரசு அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தது. நல்ல காரியம்தான். மேற்கே இடிகிற வீட்டுக்கு அப்படி யார் வருகிறார்கள்? அது நான்கைந்து பங்காளிகளுக்குச் சொந்தமாக இருக்கும். ஓடு மாற்றவும் மரம் மாற்றவும் ஆகிற செலவை யார் போடுவது என்று முடிவாகாது. கடைசியில் தூண்கள் பழம்பொருள் கடைக்கும் மனை அடுக்குமாடிக்கும் போகின்றன. அழகுணர்ச்சி இல்லாததால் போகிற வீடுகள் என்று நினைக்காதீர்கள். பணமும் துணையும் கிடைத்த இடத்தில் நம்மவர்கள் காப்பாற்றித்தான் இருக்கிறார்கள். மேற்கே வைசியாள் வீதியில், பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அடுத்த முறை மிஷன் வீதியிலிருந்து அந்த வைசியாள் வீதிக்குள் திரும்பி, காந்தி வீதி வரை நடந்து பாருங்கள். காலையில் சீக்கிரம் போனால் வண்டிகள் மறைக்காது, தாழ்வாரங்கள் முழுசாகத் தெரியும்.