கேள்வி – பதில்: பையர் இடிஐ கேட்கிறார், மாட்யூல் வாங்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். இதுவரை மெயிலில் பிடிஎஃப்-ஆக ஆர்டர் அனுப்பிய அமெரிக்க பையர், அடுத்த சீசனிலிருந்து எல்லாம் இடிஐ வழியாகத்தான் என்கிறார். எங்களுக்கு ஈஆர்பி (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) விற்றவரோ, 'இடிஐ மாட்யூலைப் போட்டுவிட்டால் தானாக ஓடும்' என்கிறார். நம்பலாமா சார்?

பாதி நம்பலாம். ஓடும், ஆனால் நீங்கள் உள்ளே போட்டு வைத்திருக்கும் தப்பையும் சேர்த்துக்கொண்டு ஓடும்.

பையரின் கணினியிலிருந்து கிளம்பும் ஆர்டர், நடுவில் யாரும் தட்டச்சு செய்யாமல் உங்கள் ஈஆர்பியில் ஆர்டராகவே உட்காருவதுதான் இடிஐ. அமெரிக்கர்கள் எக்ஸ்12 என்ற வடிவத்தையும் ஐரோப்பியர்கள் பெரும்பாலும் எடிஃபேக்ட்டையும் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்12-ல் ஆவணத்துக்கு ஆவணம் ஓர் எண் உண்டு. ஆர்டர் 850, ஆர்டரில் மாற்றம் 860, சரக்கு வருகிறது என்ற முன்தகவல் 856, இன்வாய்ஸ் 810. அப்புறம் 997 என்று ஒன்று, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 'உங்கள் கோப்பு வந்தது, வடிவம் சரியாக இருக்கிறது' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. உங்கள் பக்கமிருந்து 997 போய்விட்டால் ஆர்டரை ஒப்புக்கொண்டதாக ஆகாது, அதற்கு 855 தனியாகப் போக வேண்டும்.

மாட்யூலின் வேலை மொழிபெயர்ப்பு. பையர் எழுதும் கட்டம் எது, உங்கள் ஈஆர்பியில் அதற்கான கட்டம் எது என்று இணைப்பதை மேப்பிங் என்பார்கள். ஒரே 850-ஐ ஆளாளுக்கு ஒரு மாதிரி நிரப்புவார்கள் என்பதால் இன்னொரு பையர் வந்தால் இன்னொரு மேப்பிங், அதற்குத் தனிக் காசு. விலை பேசும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் தலைவலி மேப்பிங்கில் இல்லை, ஐட்டம் மாஸ்டரில், அதாவது ஈஆர்பியில் உள்ள உங்கள் சரக்குப் பட்டியலில் இருக்கிறது. யூபிசி பார்கோடு 12 இலக்கம். யாராவது அதை எக்ஸெல்லில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 11 ஆகிவிடும், அதை மாஸ்டரில் ஏற்றினால் 850 வரும்போது 'இந்தச் சரக்கே இல்லை' என்று ஈஆர்பி கைவிரிக்கும். அடுத்தது அளவு. பையர் பீஸ் கணக்கில் 1,200 என்று அனுப்ப, உங்கள் மாஸ்டரில் டஜன் என்று இருந்து, மேப்பிங் செய்தவரும் அதைக் கவனிக்காமல் விட்டால் 14,400 பீஸுக்கு நூல் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள். மெர்ச்சண்டைசர் கையால் ஏற்றிய காலத்தில் இதையெல்லாம் பார்த்ததுமே பிடித்துவிடுவார். இப்போது பார்க்க ஆள் இல்லை.

அதைவிடப் பெரிய சோதனை 856. பல பையர்கள் ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் 18 இலக்க எண் கொண்ட லேபிள் கேட்பார்கள், அந்தப் பெட்டிக்குள் எந்தக் கலர், எந்த சைஸ், எத்தனை என்பது 856-ல் அப்படியே இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஷிப்மென்டுக்கு முந்தின ராத்திரி எல் சைஸ் குறைந்ததால் பேக்கிங்கில் நாலு பெட்டியைப் பிரித்து எம் சைஸ் வைத்து ஒட்டிவிட்டார்கள், கணினியில் யாரும் திருத்தவில்லை. அங்கே பையரின் கிடங்கில் ஸ்கேன் செய்தபோது கணக்கு உதைத்தது, பில் தொகையில் சார்ஜ்பேக் என்று பிடித்தம். மாட்யூல் மேல் ஒரு குற்றமும் இல்லை! அதனால் ஸ்கேனரை முதலில் பேக்கிங் மேஜைக்கு வாங்குங்கள், மாட்யூல் பிறகு.

கோவை வாசகர்: ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் ஏற்கெனவே போடுகிறோமே, அதுவும் இடிஐதானே?

பங்காளி என்று சொல்லலாம். இ-இன்வாய்ஸ் அரசின் தளத்துக்குப் போகிறது, நாடு முழுக்க ஒரே வடிவம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் என்று இறங்கி வந்தது. அதற்காக எழுதிய நிரல் பையரின் 810-க்கு உதவாது. ஆனால் உங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்: கோப்பு திருப்பி அடிக்கப்பட்டால் காரணத்தைப் படித்துத் திருத்துவது. அது உதவும்.

கரூர் வாசகர்: வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆர்டர்தான் வருகிறது. எங்களுக்கும் மாட்யூல் தேவையா?

தேவையில்லை. வெப் இடிஐ போதும்: இணையதளத்தில் நுழைந்து ஆர்டரைப் பார்த்து, முன்தகவலையும் இன்வாய்ஸையும் கையால் நிரப்பி அனுப்பலாம். இரட்டை வேலைதான், ஆனால் பன்னிரண்டு ஆர்டருக்குத் தாங்கும். பையர் ஏஎஸ்2 கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். வால்மார்ட் 2002-ல் தன் சப்ளையர்களிடம் கேட்க ஆரம்பித்த பிறகு பரவிய நேரடி இணைய இணைப்பு முறை அது. உங்கள் பக்கம் ஒரு சர்வர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும், அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். மாதக் கட்டணம் கொடுத்து இடைத்தரகு நிறுவனம் ஒன்றிடம் அந்தப் பொறுப்பை விட்டுவிடலாம்.

பின்னால் ஆர்டர் கூடி மாட்யூல் பார்க்கப் போனால், டெமோவில் 850-ஐக் காட்டச் சொல்லாதீர்கள், அதை எல்லோரும் அழகாகக் காட்டுவார்கள். பாதித் துணி வெட்டிய பிறகு ஒரு 860 வந்தால் ஆர்டர் என்ன ஆகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.