முதுகெலும்பு ஆபரேஷன்: காயத்துக்குள் தூவும் பவுடர் பற்றிச் சில கேள்விகள்

புளியமரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு முதுகில் ஸ்க்ரூவும் ராடும் வைத்தார்கள். தையல் போடும் முன் காயத்துக்குள் ஏதோ பவுடர் தூவியதாகச் சொன்னார்கள். என்ன அது? (ஊத்தங்கரை)

பெரும்பாலும் வான்கோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக். டிரிப்ஸில் ஏற்றுகிற அதே மருந்துதான், குப்பியில் பொடியாகவே வரும். அதைக் கரைக்காமல், வழக்கமாக 1 கிராம், தசையிலும் தோலடியிலும் தூவிவிட்டு மூடுவார்கள். காரணம் இருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஸ்க்ரூவில் ஒட்டிக்கொண்டால் வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் ரத்தம் வழியாக வரும் மருந்து அதை அசைக்காது. ஆபரேஷனுக்காக விலக்கியதில் நசுங்கிய தசையில் ரத்த ஓட்டமும் குறைவு. தூவினால் மருந்து அங்கேயே அடர்த்தியாக நிற்கும், ரத்தத்தில் கலப்பது சொற்பம்.

அப்படியானால் சீழே பிடிக்காதா? (தர்மபுரி)

அப்படி உத்தரவாதம் கிடையாது. பலன் உண்டு என்று சொன்ன ஆய்வுகள் நிறைய. ஆனால் கோவை கங்கா மருத்துவமனை 907 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டிபயாட்டிக் ஊசி மட்டும் போட்டவர்களில் 1.68 சதவீதம், பவுடரும் சேர்த்தவர்களில் 1.61 சதவீதம் பேருக்குத் தொற்று. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். தொற்று ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில் பவுடர் கூடுதலாகச் செய்வது கொஞ்சம்தான்.

முதல் வேலி ஊசிதான். கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற ஆண்டிபயாட்டிக் 2 கிராம் போக வேண்டும். ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினாலோ ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ இன்னொரு டோஸ். சர்க்கரையை 180-க்குள் வைப்பதும் அதே அளவு முக்கியம். இன்னொன்று: ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிருமிகளை வான்கோமைசின் தொடாது. கீழ் இடுப்புக் காயம் ஆசனவாய்க்குப் பக்கம், மலத்திலிருந்து இந்தக் கிருமிகள் காயத்துக்கு வரலாம். படுத்தபடியே மலம் கழிப்பவருக்கு டிரெஸ்ஸிங் நனைந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

ஃப்ளோரைடு தண்ணீரால் அம்மாவுக்குக் கழுத்தெலும்பு இறுகி நடை தள்ளாடுகிறது. ஆபரேஷனில் பவுடர் போடுவார்களா? (பென்னாகரம்)

உள்ளே திறந்து பார்த்த பிறகுதான் முடிவாகும். இந்த நோயில் ஜவ்வு எலும்பாகி, தண்டுவட உறையோடு ஒட்டியிருக்கக்கூடும். பிரிக்கும்போது உறை கிழியலாம். கிழிந்தால் பவுடர் தண்டுவட நீரில் கலந்துவிடும் என்பதால், பல சர்ஜன்கள் தூவாமல் விடுவார்கள், அல்லது தசை உறையை மூடிய பின் அதன் மேல் மட்டும் தூவுவார்கள். வான்கோமைசின் முன்பே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லுங்கள்.

வீட்டில் தையல் மேல் நியோஸ்போரின் பவுடர் தூவலாமா? (பாலக்கோடு)

வேண்டாம். மஞ்சளும் வேண்டாம். உள்ளே தூவியது வேறு கணக்கு. மேலே தூவினால் பொடி ஈரத்தில் அப்பி, அடியில் கசிவதை மறைத்துவிடும். அதிலுள்ள நியோமைசின் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும்.

எதைப் பார்த்து உஷாராக வேண்டும்? (ஓசூர்)

இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை கவனம் தேவை. குறைந்துகொண்டிருந்த வலி திரும்பக் கூடுவது, உலர்ந்த தையலில் புதிதாகக் கசிவு, பனியனில் மஞ்சள் கறை. காய்ச்சல் இல்லாமலும் சீழ் பிடிக்கும். சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு ஆபரேஷனுக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் அன்றே சர்ஜனைப் பாருங்கள். அதற்குமுன் மெடிக்கலில் ஆண்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கல்ச்சரில் (சீழிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் தடுமாற வேண்டியதாகிவிடும்.